இரண்டு பக்கம்தானே என்பவர்களுக்கு

எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத ஒரு சட்டம் நம் பல்கலைக்கழகத் துறைகளில் அமலில் இருக்கிறது. மென்பொருள் எழுதுவது கைவேலை; அதை ஓட்டிக் கிடைத்ததை எழுதுவதுதான் ஆராய்ச்சி. மூன்று வருடம் உட்கார்ந்து ஒரு பைத்தான் லைப்ரரியை எழுதி முடித்த ஸ்காலர், அதைப் பற்றி ‘ஜர்னல் ஆஃப் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்’ இதழுக்குக் கட்டுரை அனுப்பலாமா என்று கைடிடம் கேட்டால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். “எத்தனை பக்கம்?” “ரெண்டு மூணு பக்கம் சார்.” “ஃபீஸ் எவ்வளவு?” “இல்ல சார், ஃப்ரீதான்.” “ஃப்ரீயா!” அந்த ‘ஃப்ரீயா’வோடு விசாரணை முடிந்தது. ஸ்கோபஸில் இருக்கிறதா, இம்பாக்ட் ஃபேக்டர் எவ்வளவு என்பதெல்லாம் அதற்குப் பிறகு சம்பிரதாயத்துக்குக் கேட்கப்படுபவை.

இந்த எண்ணம் தமிழ்நாட்டின் தனிச்சொத்து அல்ல. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதே முணுமுணுப்பு உண்டு. வேடிக்கை என்னவென்றால், எதிர்ப்பக்கத்திலிருந்து கிளம்பும் நிரலர்களும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள். நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் கோடு கிடக்கிறது, ரீட்மீ இருக்கிறது, கட்டுரை எதற்கு என்பது அவர்கள் கட்சி. ஒருவர் கட்டுரையைப் போதாது என்கிறார், மற்றவர் வேண்டாம் என்கிறார். இடையில், ஆராய்ச்சிக்காக எழுதப்பட்ட நிரலை மூன்றாம் மனிதர் ஒருவர் உட்கார்ந்து சோதிக்கும் ஏற்பாடு அநாதையாகிவிடுகிறது. இரண்டு பக்கக் கட்டுரையை வாங்கிக்கொண்டு அதன் பின்னால் உள்ள நிரலை ஓட்டிப் பார்க்கும் இதழ், இருபது பக்கத்தைப் படித்துவிட்டு நிரலைத் திறந்துகூடப் பார்க்காத இதழைவிடக் கறாரானது. இதுதான் என் வாதம். இதை மறுப்பவர்கள் பக்கங்களை எண்ணுவதை விட்டுவிட்டு, எது சோதிக்கப்பட்டது என்று சொல்லட்டும்.

முதலில் அந்த இதழில் நடப்பது என்னவென்று பார்த்துவிடலாம். இகழ்கிறவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்த்ததில்லை என்பது என் சந்தேகம். ஜாஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இவ்விதழ் 2016 மே மாதம் தொடங்கியது. தொடங்கியவர் ஆர்ஃபன் ஸ்மித்; அறிவியல் ஆய்வுகளில் பொதுமக்களைக் கூட்டிய ஸூனிவர்ஸ் திட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். ஆசிரியரிடமும் வாசகரிடமும் கட்டணம் கிடையாது. பெயரைக் குறிப்பிட்டு யாரும் பகிரலாம் என்னும் சிசி-பை உரிமத்தில் கட்டுரை வெளியாகும். ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் ஏற்றுக்கொண்ட உரிமம் ஒன்றின்கீழ் மென்பொருள் இருந்தாக வேண்டும். ‘கேட்டால் தருகிறோம்’ என்ற பசப்பு எடுபடாது. கட்டுரை தனிக் கோப்பாகப் போவதில்லை. நிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில், நிரலுக்குப் பக்கத்தில், ஒரு மார்க்டவுன் கோப்பாக உட்கார்ந்திருக்கும். என்ன செய்கிறது, யாருக்குத் தேவை, ஏற்கெனவே உள்ள மென்பொருள்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது, மேற்கோள்கள் என்னென்ன என்பவைதான் எழுத்தின் மையம். மிச்சமெல்லாம் களஞ்சியத்தில்.

மதிப்பாய்வும் கிட்ஹப்பிலேயே, எல்லோர் கண்ணெதிரே நடக்கும். பதிப்பாசிரியர் பொதுவாக இரண்டு மதிப்பாய்வாளர்களைப் பிடிப்பார். ஒரு தானியங்கி வந்து ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டியலை ஒட்டிவிட்டுப் போகும். உரிமக் கோப்பு இருக்கிறதா? சமர்ப்பித்தவர் உண்மையிலேயே இதில் பெரும்பங்கு எழுதியவரா? ஆவணத்தில் சொன்னபடி இன்ஸ்டால் ஆகிறதா? செய்வதாகச் சொல்வதைச் செய்கிறதா? வேகம் பற்றிப் பெருமை பேசியிருந்தால் அது உண்மையா? தானியங்கிச் சோதனைகள் உண்டா? பிழை கண்டால் யாரிடம் சொல்வது, பங்களிக்க விரும்பினால் என்ன செய்வது என்று எழுதியிருக்கிறதா? ஒவ்வொன்றையும் பார்த்து, திருப்தியானால்தான் கட்டத்தில் டிக் விழும்.

பெரும்பாலும் மூன்றாவது நான்காவது கட்டத்திலேயே வண்டி நின்றுவிடும். மதிப்பாய்வாளர் தன் மேக்கில் புதிதாக ஒரு சூழலை உருவாக்கி, ரீட்மீயில் உள்ள வரியை அப்படியே ஒட்டி ஓட்டுவார். சிவப்பெழுத்தில் ஒரு பிழை வரும். ஆசிரியரின் கணினியில் எப்போதோ இன்ஸ்டால் செய்யப்பட்டு மறந்தேபோன ஒரு லைப்ரரி, தேவைப் பட்டியலில் விட்டுப்போயிருக்கும். அல்லது எடுத்துக்காட்டு நிரலில் ஆசிரியரின் லேப்டாப் ஃபோல்டர் பெயரே அப்படியே எழுதப்பட்டிருக்கும். மதிப்பாய்வாளர் பிழையை முழுக்க நகலெடுத்துப் போடுவார். இரண்டு நாளில் திருத்தம் வரும், எந்த வரி மாறியது என்ற இணைப்போடு. மறுபடி ஓட்டிப் பார்ப்பார். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், இது போகும். எல்லாம் தேறிய பிறகு ஆசிரியர் பதிப்பெண் போட்டு மென்பொருளை வெளியிட்டு, அதன் நகலை ஸெனோடோ போன்ற காப்பகத்தில் சேர்த்து, அதற்கான டிஓஐ என்ற நிரந்தர எண்ணைத் தர வேண்டும். அப்புறம்தான் கட்டுரை வெளியாகும்.

இதை ‘லைட்டான ரிவ்யூ’ என்கிறார்கள். சரி, கனமான ரிவ்யூ எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் பார்ப்போம்.

2014-ல் ‘நேச்சர் புரோட்டோகால்ஸ்’ இதழில் மின்னசோட்டா பல்கலைக்கழக வேதியியலாளர்கள் ஒரு செய்முறையை வெளியிட்டார்கள். ஒரு மூலக்கூறின் வடிவம் இன்னதுதானா என்று உறுதிசெய்ய, அதன் என்எம்ஆர் அளவீடுகளைக் கணினியில் கணித்து, ஆய்வகத்தில் கிடைத்ததோடு ஒப்பிடும் முறை. கூடவே பைத்தான் ஸ்கிரிப்டுகள் சில. பெயர்பெற்ற இதழ், முறையான மதிப்பாய்வு, குறையேதும் சொல்ல முடியாது. ஐந்தாண்டுகள் உலகமெங்கும் வேதியியலாளர்கள் அந்த ஸ்கிரிப்டுகளை எடுத்துப் பயன்படுத்தினார்கள். 2019-ல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் பிலிப் வில்லியம்ஸின் குழு, நீலப்பச்சைப் பாசியிலிருந்து பிரித்தெடுத்த சேர்மங்களை ஆராயும்போது விசித்திரமான ஒன்றைக் கண்டது. அதே தரவு, அதே ஸ்கிரிப்ட். லினக்ஸில் ஓட்டினால் ஒரு விடை, வேறு கணினியில் ஓட்டினால் வேறு விடை.

காரணம் ஒரே ஒரு வரி. ஒரு ஃபோல்டரில் உள்ள கோப்புகளை எல்லாம் எடுத்துக் கொடு என்று பைத்தானைக் கேட்கும் கட்டளை அது. எந்த வரிசையில் கொடுப்பது என்பதை அந்தக் கட்டளை முடிவுசெய்வதில்லை. அடியில் இருக்கும் இயங்குதளத்திடம் விட்டுவிடும். விண்டோஸ் பெயர்வரிசையில் கொடுக்கும்; லினக்ஸ் தன் இஷ்டத்துக்குக் கொடுக்கும். ஸ்கிரிப்டோ இரண்டு வகைக் கோப்புகளை வரிசைப்படி ஜோடி சேர்த்துக் கணக்குப் போடுவது. ஜோடி மாறினால் கணக்கு மாறும். பிழைச் செய்தி எதுவும் வராது; நம்பும்படியான ஓர் எண் வரும், அவ்வளவுதான். கோப்புகளை முதலில் வரிசைப்படுத்து என்று ஒரு சொல் சேர்த்ததும் சரியாகிவிட்டது. ஆனால் அதற்குள் 150-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் அந்தச் செய்முறையை மேற்கோள் காட்டியிருந்தன. எது சரி, எது தவறு என்று ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்க்க வேண்டிய நிலை.

அந்த ஸ்கிரிப்டை எழுதியவர்களைக் குறைசொல்ல நான் இதைச் சொல்லவில்லை. அவர்கள் நிரலை வெளியிட்டார்கள். அதனால்தான் பிழையே பிடிபட்டது. வெளியிடாமல் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெஃப்ரி சாங்கின் கதை இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்க்ரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் புரதங்களின் வடிவத்தை ஆராய்ந்த அவர், 2006-ல் ஐந்து கட்டுரைகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. அதில் மூன்று ‘சயன்ஸ்’ இதழில் வந்தவை. அவர் ஆய்வகத்துக்குள்ளேயே புழங்கிய ஒரு சிறு நிரல் தரவின் இரண்டு நெடுவரிசைகளை இடம் மாற்றிப்போட்டுக்கொண்டிருந்தது. அதன் விளைவாகப் புரதத்தின் வடிவம் கண்ணாடியில் பார்த்தது போல் தலைமாறிப் போயிருந்தது. சுவிட்சர்லாந்தில் இன்னொரு குழு ஒத்த புரதமொன்றின் வடிவத்தை வெளியிட்ட பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. ஐந்து கட்டுரைகளும் மதிப்பாய்வைத் தாண்டியவைதான். மதிப்பாய்வாளர்கள் கட்டுரையைப் படித்தார்கள். நிரல் அவர்கள் மேஜைக்கே வரவில்லை. சாப்பிடாமல் மெனு கார்டைப் படித்துவிட்டு ஹோட்டலுக்கு மார்க் போட்ட கதை.

ஜாஸின் மதிப்பாய்வு இந்தப் பிழைகளைக் கண்டிப்பாகப் பிடித்திருக்கும் என்று நான் சத்தியம் செய்யவில்லை. அங்கே வரிக்கு வரி யாரும் படிப்பதில்லை; அது சாத்தியமும் இல்லை. ஆனால் இரண்டு பேர், பெரும்பாலும் இரண்டு வகைக் கணினிகளில், விடை தெரிந்த ஒரு மாதிரித் தரவை ஓட்டிப் பார்த்திருந்தால், வினோதமான விடை 2014-லேயே யாராவது ஒருவர் திரையில் வந்திருக்க நியாயமான வாய்ப்பு உண்டு. கட்டுரையை மட்டும் படிக்கும் மதிப்பாய்வில் அந்த வாய்ப்பு பூஜ்யம். இதில் எது லைட்?

1995-லேயே ஸ்டான்ஃபோர்டின் பக்ஹைட், டோனஹோ என்ற இரு புள்ளியியலாளர்கள், புவியியற்பியலாளர் ஜான் கிளேர்பௌட்டின் கருத்தை எடுத்துக்கொண்டு, இதை முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார்கள். கணினி வழி ஆராய்ச்சியில் கட்டுரை என்பது ஆராய்ச்சியின் விளம்பரம். ஆராய்ச்சி என்பது அந்த விடைகளைத் தந்த முழு மென்பொருள் ஏற்பாடுதான் என்பது அவர்கள் சொன்னதன் சாரம். முப்பது ஆண்டுகள் ஆகின்றன. நாம் இன்னும் விளம்பரத்தின் நீளத்தை அளந்துகொண்டிருக்கிறோம்.

அடுத்து வருவது ‘புதுமை எங்கே?’ என்ற கேள்வி. மென்பொருளை விவரிப்பதில் புதிய கண்டுபிடிப்பு ஏது என்கிறார்கள். 2014-ல் ‘நேச்சர்’ இதழ், அதுவரை உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட நூறு கட்டுரைகளைப் பட்டியலிட்டது. இரட்டைச் சுருள் டிஎன்ஏவோ, ஐன்ஸ்டீனோ முதல் வரிசையில் இருப்பார்கள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். முதலிடம் 1951-ல் வந்த, புரதத்தை அளக்கும் ஒரு முறை பற்றிய கட்டுரைக்கு. முதல் பதினைந்தில் குறைந்தது நான்கு, கணினி நிரல்களைப் பற்றியவை: மரபணு வரிசைகளை ஒப்பிடும் கிளஸ்டல், பிளாஸ்ட் (இதற்கு மட்டும் இரண்டு), படிகங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஷெல்எக்ஸ்.

ஷெல்எக்ஸ் கதையை இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், இம்பாக்ட் ஃபேக்டர் பக்தர்களுக்காக. ஜெர்மனியில் பணியாற்றிய ஜார்ஜ் ஷெல்ட்ரிக் பல பத்தாண்டுகளாக எழுதி, கேட்டவர்களுக்குக் கொடுத்துவந்த நிரல் தொகுப்பு அது. படிகவியல் படித்தவர் எவரும் அதைத் தொடாமல் இருந்திருக்க முடியாது. 2008-ல் ‘ஷெல்எக்ஸின் சுருக்கமான வரலாறு’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். நிரலைப் பயன்படுத்துபவர்கள் மேற்கோள் காட்ட இந்தக் கட்டுரை உதவும் என்று சுருக்கவுரையிலேயே ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். அதாவது, இன்று ஜாஸுக்கு எழுதுபவர் எதற்காக எழுதுகிறாரோ அதே காரணம். மக்கள் மேற்கோள் காட்டினார்கள், ஆயிரமாயிரமாகக் காட்டினார்கள். அது வெளியான ‘ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ’ இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் ஒரே ஆண்டில் 2 சொச்சத்திலிருந்து 49-ஐத் தாண்டி எகிறியது. அந்த வருடம் அதே இதழில் எழுதிய மற்றவர்களின் ஆராய்ச்சி ராத்திரியோடு ராத்திரியாக இருபத்து நான்கு மடங்கு சிறந்துவிட்டதா? அவர்கள் பயோடேட்டாவில் அந்த எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தால் எந்தத் தேர்வுக் குழுவும் கேள்வி கேட்டிருக்காது. மென்பொருள் கட்டுரை ஆய்வே இல்லை என்று சொல்லிக்கொண்டே, ஒரு மென்பொருள் கட்டுரை தூக்கிவிட்ட எண்ணை வைத்து மற்ற ஆய்வுகளுக்குத் தரம் போடுவதில் உள்ள நகைச்சுவையை யாரும் ரசித்ததாகத் தெரியவில்லை.

ஜாஸின் சொந்தப் பட்டியலும் இளக்காரமானதல்ல. தரவு வரைபடம் போடும் சீபார்ன், ஆர் மொழியில் வேலைசெய்பவர்கள் காலையில் எழுந்ததும் கூப்பிடும் டைடிவெர்ஸ், உயிரணுத் தரவுகளை இரு பரிமாணத்தில் பரப்பிக் காட்டும் யூமேப் ஆகியவற்றின் கட்டுரைகள் அங்கே வந்தவைதான். இவற்றை விவரிக்கும் அந்தச் சில பக்கங்கள், நம் ஊர்த் துறைகள் பலவற்றின் மொத்த வெளியீடுகளைவிட அதிக முறை மேற்கோளாகியிருக்கின்றன என்று சொன்னால் பந்தயம் கட்டத் தயாராக இருக்கிறேன்.

இப்போது ‘ஃப்ரீயா!’வுக்கு வருவோம். காசு வாங்காத இதழ் எப்படித் தரமாக இருக்கும் என்ற சந்தேகம் நம் ஊரில் ஆழமாக வேரோடியது. இலவச மருத்துவமனை மேல் இருக்கும் அதே சந்தேகம். 2020 நவம்பரில் ‘நேச்சர்’ தன் திறந்த அணுகல் கட்டணத்தை 9,500 யூரோ என்று அறிவித்தது. அந்த இதழுக்கு அதன் பெயருக்காகவாவது கொடுக்கலாம் என்பார்கள். பெயரில்லாதவையும் ஆயிரக்கணக்கில் டாலர் வாங்குகின்றன. ஜாஸின் முக்கியச் செலவோ, கட்டுரைகளுக்கு நிரந்தர எண் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் அமைப்புக்குப் பல ஆண்டுகளாகக் கட்டிவந்த 275 டாலர் வருடச் சந்தா, கட்டுரைக்கு ஒரு டாலர் பதிவு, ஒரு சிறு சர்வர் வாடகை. பதிப்பாசிரியர்களும் மதிப்பாய்வாளர்களும் சம்பளமில்லாமல் வேலை செய்கிறார்கள். மற்ற இதழ்களிலும் மதிப்பாய்வாளர்களுக்குச் சம்பளம் கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

காசு வாங்காததால் வரும் ஒழுக்கம் ஒன்றுண்டு. 2020-ல் கொரோனா தொடங்கியபோது, மதிப்பாய்வாளர்கள் வீட்டில் குழந்தைகளோடும் நோயாளிகளோடும் மல்லாடிக்கொண்டிருக்கிறார்கள், இந்த நேரத்தில் அவர்களை நச்சரிக்க வேண்டாம் என்று ஜாஸ் புதிய கட்டுரைகளை வாங்குவதையே சில மாதம் நிறுத்திவைத்தது. கட்டுரைக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் இதழால் கதவைச் சாத்த முடியுமா? மாறாக என்ன நடக்கும் என்பதை ஹிண்டாவி காட்டியது. 2021-ல் வைலி நிறுவனம் 29.8 கோடி டாலருக்கு வாங்கிய பதிப்பகம் அது. சிறப்பிதழ்கள் என்ற பெயரில் கட்டுரைத் தொழிற்சாலைகள் உள்ளே புகுந்து, 2023-ல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அந்த இதழ்கள் திருட்டு இதழ்கள் அல்ல. பலவும் பட்டியல்களில் இருந்தவை. இம்பாக்ட் ஃபேக்டரைக் கணக்கிடும் கிளாரிவேட் நிறுவனம் 2023 மார்ச்சில் அவற்றில் 19-ஐத் தன் பட்டியலிலிருந்து தூக்கும்வரை, இம்பாக்ட் ஃபேக்டரோடு மரியாதையாக இருந்தவை. பட்டியலைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட கைடுகள், அந்தக் கட்டுரைகளில் ஒன்றையாவது படித்திருந்தால் போதும். பல கட்டுரைகளில் வாக்கியங்களே அர்த்தமில்லாமல் இருந்தன.

நம் நாட்டுப் பட்டியலுக்கும் அதே கதிதான். போலி இதழ்களை ஒழிக்க யுஜிசி 2018-ல் கேர் என்ற பட்டியல் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 2025 பிப்ரவரியில் அதைக் கைவிட்டு, இதழ்களின் தரத்தை இனி உயர்கல்வி நிறுவனங்களே எடைபோட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. அதற்கு முன்பே, 2022-ன் பிஎச்டி விதிமுறைகளில், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இதழில் கட்டுரை வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஆக, ‘மேலே இருந்து சொல்கிறார்கள், நான் என்ன செய்ய?’ என்ற சாக்கு பாதி போய்விட்டது. துறைகள் சொந்தமாக யோசிக்கலாம் என்று அனுமதி வந்திருக்கிறது. பல துறைகள் அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல், பழைய ஸ்கோபஸ் கேள்விக்கே திரும்பிப் போய்விட்டன.

திறந்த மதிப்பாய்வு மேல் சொல்லப்படும் குறை ஒன்று மட்டும் எனக்கு மதிக்கத் தக்கதாகப் படுகிறது. பெயர் தெரிந்து மதிப்பாய்வு செய்தால், ஓர் இளைய மதிப்பாய்வாளர் பெரிய பேராசிரியரின் நிரலில் குறை சொல்லத் தயங்க மாட்டாரா? தயங்கலாம். ஆனால் என்ன கேட்கப்பட்டது, என்ன பதில் வந்தது, எது திருத்தப்பட்டது என்பதெல்லாம் யாரும் படிக்கும்படி கிடக்கும் இடத்தில், முகத்துக்காகப் பூசி மெழுகுவதும் எல்லோருக்கும் தெரியும். மூடிய அறையில் நடப்பதில் அந்தப் பயம் இரு பக்கமும் இல்லை. ‘பிரமாதம், வெளியிடலாம்’ என்று இரண்டு வரி எழுதியவரும் அங்கே மதிப்பாய்வாளர்தான். தன்னுடைய ஐந்து கட்டுரைகளை மேற்கோளில் சேர்க்கச் சொல்பவரும் மதிப்பாய்வாளர்தான்.

‘ஏற்காமல் திருப்பி அனுப்புவது குறைவு, ஆகவே மட்டம்’ என்பதும் இதோடு சேர்ந்து வரும். தொடக்கத்திலேயே வரம்புக்குள் வராதவற்றைப் பதிப்பாசிரியர்கள் கலந்துபேசி ஒதுக்கிவிடுகிறார்கள். ஆயிரம் வரிகளுக்குக் குறைவான நிரல் என்றால் உற்றுப் பார்ப்பது, முந்நூறுக்கும் கீழே என்றால் பொதுவாகத் திருப்பிவிடுவது என்பது அவர்கள் நெடுநாள் வழக்கமாக இருந்துவந்தது. உள்ளே வந்ததைத் தேறும்வரை திருத்த வைக்கிறார்கள். நூறு பேரில் தொண்ணூறு பேரை விரட்டுவதுதான் தரம் என்று நினைப்பவர்களுக்கு இது புரியாது. நுழைவுத் தேர்வு மனோபாவம்.

இனி நிரலர் கட்சி. இவர்களோடு எனக்குப் பாசம் அதிகம் என்பதால் கோபமும் அதிகம். நல்ல கோடு தன்னைத்தானே பேசும், டவுன்லோடு எண்ணிக்கையே சான்றிதழ், வேண்டுமானால் ஸெனோடோவில் போட்டு ஒரு டிஓஐ எண் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். டிஓஐ என்பது விலாசம். அந்த விலாசத்தில் இருப்பது ஓடுகிறதா என்று அது யாருக்கும் உறுதி சொல்லாது. டவுன்லோடு எண்ணிக்கையில் கணிசமான பங்கு, தானியங்கிச் சோதனைகளே மறுபடி மறுபடி இறக்கிக்கொள்வது என்பது இவர்களுக்கே நன்றாகத் தெரியும்.

பைத்தானில் வரைபடம் போடும் மேட்பிளாட்லிப்பை எழுதிய ஜான் ஹண்டர் நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின் அலைகளைப் பார்ப்பதற்காகத் தொடங்கிய நிரல் அது. 2007-ல் அதைப் பற்றி ‘கம்ப்யூட்டிங் இன் சயன்ஸ் அண்ட் எஞ்சினியரிங்’ இதழில் ஆறே பக்கத்தில் எழுதினார். 2012-ல் புற்றுநோய்ச் சிகிச்சையின் சிக்கல்களால் இறந்துவிட்டார். இன்று வானியல் முதல் பொருளியல் வரை, வரைபடம் உள்ள கட்டுரைகளின் அடியில் அவர் பெயர் தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது என்றால், நிரல் நன்றாக இருந்தது மட்டும் காரணமல்ல. மேற்கோள் காட்ட ஒரு கட்டுரை இருந்ததும் காரணம். அவர் காலத்தில் எழுதப்பட்ட, அதே அளவு பயன்பட்ட வேறு எத்தனையோ சிறு நிரல்களின் ஆசிரியர்கள் யாரென்று இன்று எவருக்கும் தெரியாது. பிஎச்டி முடித்துவிட்டு வேலை தேடுகிற பெண்ணிடம் ‘உன் கோடே பேசும்’ என்று சொல்வது, நிரந்தர வேலையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் தத்துவம்.

எழுதுவதால் நிரலுக்கே நன்மை உண்டு என்பதை இவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. ‘இது யாருக்குத் தேவை?’ என்று ஒரு பத்தி எழுத வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே உள்ள நான்கு லைப்ரரிகளை விட்டுவிட்டு ஐந்தாவதாக இதை ஏன் எழுதினாய் என்று பெயர்களைச் சொல்லி எழுத வேண்டியிருக்கிறது. பலருக்கு அந்தப் பத்தியில்தான் கை ஓடாது. ஓடாததற்குக் காரணம் எழுத்துப் பயிற்சி இல்லாமை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல நேரம் காரணம், அந்த நான்கையும் அவர்கள் பார்க்கவே இல்லை என்பதுதான்.

ஜாஸில் குறையே இல்லையா? இருக்கிறது. கட்டுரை வெளியான நாளோடு ஆசிரியர் பட்டியல் உறைந்துவிடும். அதற்குப் பிறகு ஐந்து வருடம் நிரலைப் பராமரிப்பவர் பெயர் அதில் ஏறாது. மைக்ரோசாஃப்ட் 2018-ல் வாங்கிவிட்ட கிட்ஹப்பின் மேல் முழு இதழும் உட்கார்ந்திருக்கிறது. சுதந்திர மென்பொருள் பேசும் இதழுக்கு இது கொஞ்சம் நெருடல்தான். மதிப்பாய்வாளர் தட்டுப்பாடு தீராத தலைவலி. இயந்திரங்களே ஆயிரம் வரி கோடை நிமிடத்தில் கொட்டும் இந்தக் காலத்தில் வரி எண்ணிக்கையை வைத்து உழைப்பை அளப்பது செல்லாது. ஒரே நாளில் களஞ்சியத்துக்கு வந்து இறங்கிய நிரலையும், இரண்டு வருடம் பலர் பிழை சொல்லித் திருத்தப்பட்ட நிரலையும் அங்கே பிரித்துப் பார்த்தாக வேண்டும். களஞ்சியத்தின் வரலாறு பொதுவில் இருப்பதால் அது முடியவும் முடியும். பிடிஎஃப்பை மட்டும் வாங்கும் இதழ் இதே சிக்கலை எதை வைத்துக்கொண்டு சமாளிக்கப்போகிறது?

மென்பொருளைப் பற்றிக் கட்டுரை எழுதுவதே ஒரு சுற்றுவழிதான் என்பதை ஜாஸை நடத்துகிறவர்கள் தொடக்கத்திலிருந்தே மறைத்ததில்லை. பல்கலைக்கழகங்கள் மென்பொருளை நேரடியாக மதித்தால் கட்டுரைக்கு அவசியமில்லை. அவை கட்டுரையை மட்டுமே எண்ணுவதால், மென்பொருளுக்கு ஒரு கட்டுரைச் சட்டை மாட்டி அனுப்புகிறோம் என்பது அவர்கள் நிலை. சட்டை சின்னதாக இருக்கிறது என்று குறைசொல்பவர்கள், சட்டையைக் கேட்டது யார் என்று யோசிக்கலாம்.

தேர்வுக் குழுக்களுக்கு ஒரு தகவல். ஜாஸ் கட்டுரையின் முதல் பக்கத்தில் இடது ஓரமாக, சின்ன எழுத்தில், மதிப்பாய்வு நடந்த பக்கம், நிரல் இருக்கும் களஞ்சியம், காப்பகம் மூன்றுக்கும் இணைப்பு அச்சாகியிருக்கும். பதிப்பாசிரியர், மதிப்பாய்வாளர்கள் பெயர்களும் கீழே இருக்கும். எதிரே உட்கார்ந்திருக்கும் விண்ணப்பதாரரிடம் பக்கக் கணக்கைக் கேட்பதற்குப் பதில், முதல் இணைப்பைச் சொடுக்கி, மதிப்பாய்வாளர் சுட்டிய பிழைகளில் எது கஷ்டமாக இருந்தது, எப்படித் தீர்த்தாய் என்று கேட்கலாம். பதில் சொல்லத் தெரியாவிட்டால் தாராளமாக மார்க்கைக் குறைக்கலாம். பிறகு அவருடைய பயோடேட்டாவில் உள்ள மற்ற கட்டுரைகளுக்கும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கட்டும்: இதற்கு மதிப்பாய்வு எங்கே, நிரல் எங்கே, யார் ஓட்டிப் பார்த்தார்கள்?